எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கிய வண்டி

லிப்ட் மெக்கானிக்குக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். இந்த வண்டி நடுரோட்டில் நிற்குமா, நிற்காதா?

கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வீட்டிலிருந்த பழைய பெட்ரோல் கார் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வழியில் படுத்துவிட்டது. இரண்டாவது தடவை, திரும்பி வரும்போது, மேம்பாலத்தின் உச்சியில். ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். புலம்பவில்லை. "ஊர்ல இருக்கற லிப்ட் எல்லாம் உங்க பேச்சைக் கேக்குது" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் புலம்பியே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தாழ்ந்த காரில் குனிந்து ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் எஸ்யூவி. ஆஸ்பத்திரி வளாகத்தில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. அதனால் மின்சார எஸ்யூவி. இதுவரைக்கும் அவர் கணக்கில் குழப்பமே இல்லை.

ஷோரூமுக்குப் போனார். புது மாடல் எட்டு மாதத்துக்கு முன்னால்தான் சந்தைக்கு வந்தது. விற்பனையாளர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இதுல ரிப்பேர் ஆகறதுக்கே ஒண்ணும் இல்ல சார். இன்ஜினே கிடையாது."

கதவுக்குக் கைப்பிடியும் கிடையாது. நாம் பக்கத்தில் போனால் கைப்பிடி தானாக வெளியே நீளும் என்றார். மெக்கானிக் பக்கத்தில் போனார். நீளவில்லை.

"உங்களை அதுக்கு இன்னும் பழக்கமில்ல சார்."

"உள்ள கரண்ட் போயிட்டா கதவு எப்படித் திறக்கும்?"

"கரண்ட் போகாது சார்."

இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக் இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறார். லிப்ட் விற்பவர்களும் இதையேதான் சொல்வார்கள். அதை நம்பி ஏறியவர்களைத்தான் அவர் இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து தூக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விற்பனையாளர், "சந்தேகமா இருந்தா நம்பக வாரியத்துல கேளுங்க. எப்படியும் அவங்க சான்று இல்லாம புது மாடலைப் பதிவு பண்ண முடியாது. இந்த வண்டி நூத்துக்கு எண்பத்திரண்டு" என்றார், சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல.

வாகன நம்பக வாரியம் ஐந்து மாடிக் கட்டடத்தில் இயங்கியது. வாசலிலேயே லிப்ட் இருந்தது. மெக்கானிக் அதன் கதவிடுக்கை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படியேறினார்.

மூன்றாவது மாடியில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே 'வாகன உரிமையாளர் அனுபவப் படிவம்' என்று போட்டிருந்தது.

"அம்மா, நான் இன்னும் வண்டியே வாங்கல."

"வாங்கறதுக்குத்தானே வந்திருக்கீங்க? நிரப்புங்க. முதல் கேள்வி, எத்தனை வருஷமா ஓட்டறீங்க?"

"ஓட்டலைங்க."

"பூஜ்யம்னு போடுங்க. எத்தனை தடவை பழுதாச்சு?"

"வாங்கவே இல்லியேம்மா."

"அதுவும் பூஜ்யம். நடுவழியில எத்தனை தடவை நின்னுது? பூஜ்யம். பிரேக் கோளாறு? பூஜ்யம். பேட்டரிப் புகார்? பூஜ்யம்." அம்மாள் பேனாவை வாங்கி அவரே மளமளவென்று போட்டு முடித்தார். "பாத்தீங்களா? எவ்வளவு நல்ல வண்டி."

மெக்கானிக் சற்று நேரம் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தார். "இந்தப் படிவத்தை என்ன பண்ணுவீங்க?"

"கூட்டிச் சராசரி எடுப்போம். அதுலேர்ந்துதான் மதிப்பெண் வருது. இதுவரைக்கும் ஆயிரத்து நானூறு பேர் கொடுத்திருக்காங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லல."

"எல்லாரும் வாங்கறதுக்கு முன்னாடி கொடுத்ததா?"

"வாங்கினதுக்கு அப்புறம் இங்க எதுக்கு வரப்போறாங்க?"

"அப்ப நூறுல்ல வரணும்? பதினெட்டு எங்க போச்சு?"

"கையெழுத்துப் போட மறந்தவங்க," என்றார் அம்மாள்.

அடுத்த கட்டம் சோதனைக்கூடத்தைப் பார்வையிடுவது. பார்வையிட்டதாகக் கையெழுத்து வேண்டும். தரைத்தளத்தில் பெரிய கண்ணாடி அறை. உள்ளே அதே புது மாடல், வெள்ளை நிறம், நான்கு சக்கரமும் பட்டு விரிப்பின் மேல். சுவரில் பெரிய எழுத்தில், 'இடைவிடாச் சோதனை: 219ஆம் நாள். பழுதுகள்: 0.'

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?" என்று அங்கிருந்த பொறுப்பாளரைக் கேட்டார் மெக்கானிக்.

பொறுப்பாளர் காதில் விழக்கூடாதது விழுந்ததுபோல ஒரு அடி பின்வாங்கினார். "ஓட்டறதா? ஓட்டினா தேய்மானம் வரும் சார். தேய்ஞ்ச வண்டியை வெச்சு எப்படி அளக்கறது?"

"தேயுதான்னு பாக்கத்தானே சோதனை?"

"அது தேய்மானச் சோதனை. அது வேற வாரியம்."

பொறுப்பாளரும் குற்றம் சொல்லும்படியான ஆளில்லை. தினமும் இரண்டு வேளை வண்டியைத் துடைத்தார். விடுமுறை நாளிலும் வந்து பூஜ்யத்தைச் சரிபார்த்தார்.

சான்று கையில் கிடைப்பதற்கு முன்னால் இயக்குநரின் உரையைக் கேட்க வேண்டும் என்பது விதி. உரை செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்கு. அன்று செவ்வாய். நாற்பது நாற்காலி போட்ட அறையில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையெல்லாம் மாவு. மடியில் ஒரு தடித்த கோப்பு.

"நீங்களும் வாங்கப்போறீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"வாங்கிட்டேன். முதல் மாசமே. பேக்கரி வெச்சிருக்கேன், ரொட்டி கொண்டுபோய்ப் போட." பேக்கரிக்காரர் கோப்பைத் தட்டினார். "புகார் கொடுக்க வந்தேன். இது ஒன்பதாவது செவ்வாய். வாரத்துல இந்த ஒரு நாள்தான் இயக்குநரைக் கண்ணால பாக்க முடியும்."

"புகாரை ஏன் வாங்க மாட்டேங்கறாங்க?"

"எனக்கு அனுபவச் சார்பு இருக்காம்."

"அப்படின்னா?"

"வண்டியை ஓட்டிப் பாத்திருக்கேன்ல, அதனால நடுநிலையாப் பேச முடியாதாம். வண்டி நின்னா கோபம் வருமாம். கோபத்துல சொல்றதை நம்ப முடியாதாம். நம்ப முடியாததை நம்பக வாரியம் எப்படி வாங்கும்னு கேக்கறாங்க."

மெக்கானிக் தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே முறை இதுதான். எந்த லிப்டைப் பற்றியும் அதன் கம்பெனியைக் கேட்கமாட்டார், அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேனைக் கேட்பார்.

"நின்னுதுன்னா, என்ன ஆச்சு? விவரமாச் சொல்லுங்க."

பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது செவ்வாயில் யாரும் அவரை அதைக் கேட்கவில்லை.

"பெரிய பேட்டரில ஒரு குத்தமும் சொல்ல முடியாது. மோட்டாரும் தங்கம். பிரச்சினை எல்லாம் சில்லறைதான். சின்ன பேட்டரி ஒண்ணு இருக்கு, அது திடீர்னு இறங்கிடும். இறங்கினா கதவும் திறக்காது, திரையும் எரியாது. அப்புறம் இந்த அப்டேட். அதுவா ஆரம்பிக்கும், முடியறவரைக்கும் வண்டி நம்மளோடது இல்ல. ஒரு தடவை இருநூறு ரொட்டியோட உள்ள மாட்டிக்கிட்டேன். சர்வீஸ் சென்டர்ல விட்டா சாமான் வர மூணு வாரம். அந்த சென்டர் வாசல்ல இதே மாடல் பதினாறு நிக்குது. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

இதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். நல்ல உயரம், வெளுத்த சட்டை. கவுண்டர் அம்மாள் ஒலிபெருக்கியைச் சரிசெய்தார். இரண்டு பேருக்கு ஒலிபெருக்கி தேவையில்லைதான், ஆனால் அதுவும் விதி.

"பெரியோர்களே, இந்த வாரியம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு வண்டியைக்கூட நாங்கள் தோல்வியடைய விட்டதில்லை. இது சாதாரண சாதனையா? மற்ற நாடுகளில் பழுதைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்து என்ன பயன்? மக்களுக்கு மனக்கவலைதான் மிச்சம். நாங்கள் பழுதுக்கு முன்பே வந்துவிடுகிறோம். பழுது வருவதற்குள் சான்று கொடுத்துவிடுகிறோம்."

கவுண்டர் அம்மாள் கைதட்டினார். அவர் கையிலிருந்த பிரதியில் அந்த இடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"சிலர் கேட்கிறார்கள், உங்கள் மதிப்பெண்ணை எப்படி நம்புவது என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன், நம்பக வாரியத்தையே நம்பாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவீர்கள்? மனிதர்களையா? மனிதர்கள் ஒரு நாள் ஒன்று சொல்வார்கள், மறுநாள் வேறு சொல்வார்கள். படிவம் அப்படி இல்லை. எழுதியது எழுதியபடியே இருக்கும்."

மறுபடி கைதட்டல். பேக்கரிக்காரர் எழுந்தார். "ஐயா, என் வண்டி கதவு திறக்கல. உள்ளயே மாட்டிக்கிட்டேன்."

"சார்பு," என்றார் இயக்குநர், அன்பாக.

"சார், எனக்கும் ஒண்ணு கேக்கணும்," என்று மெக்கானிக்கும் எழுந்தார். "சின்ன பேட்டரி இறங்கிட்டா, இல்ல அப்டேட் நடந்துட்டு இருந்தா, உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வருவாங்க? எனக்கு வேற எதுவும் தெரிய வேணாம்."

மெக்கானிக்கின் படிவம் முழுவதும் பூஜ்யம். எனவே அவரிடம் சார்பு எதுவும் இல்லை. இயக்குநர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சிரித்தார். "வாருங்கள், செய்தே காட்டுகிறேன். வாரியத்துக்கென்று ஒரு வண்டியைக் கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது. வாசலில்தான் நிற்கிறது."

எல்லோரும் இறங்கி வந்தார்கள். சோதனைக்கூடத்துப் பொறுப்பாளரும் சேர்ந்துகொண்டார். நல்ல வெயில். நீல நிற வண்டி, சக்கரத்துக்கு அடியில் புல் முளைத்திருந்தது. கைப்பிடி இயக்குநரை அடையாளம் கண்டு நீண்டது. அவர் பெருமையோடு எல்லோரையும் பார்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். திரையில் ஏதோ தோன்றியது. அவர் விரலால் தொட்டார்.

தொட்டிருக்கக் கூடாது. எட்டு மாதமாக யாரும் தொடாததால் வண்டிக்கு எட்டு மாத அப்டேட் பாக்கி இருந்தது.

கைப்பிடி உள்ளே போய்விட்டது. திரையில் 'காத்திருக்கவும். 2 சதவீதம்' என்று வந்தது.

முதல் ஐந்து நிமிடம் இயக்குநர் உள்ளிருந்தபடி கையை அசைத்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் கண்ணாடியைத் தட்டினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "இது பழுது அல்ல! ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நின்றால்தான் பழுது! இது நின்றுகொண்டிருந்த வண்டி, தொடர்ந்து நிற்கிறது! குறித்துக்கொள்ளுங்கள்!"

கவுண்டர் அம்மாள் குறித்துக்கொண்டார்.

பேக்கரிக்காரர் மெக்கானிக்கின் தோளைத் தொட்டார். "கதவுக்குக் கீழ, ஓரமா, ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பிச்சா உள்ள ஒரு கம்பி. இழுத்தா திறந்துக்கும். எனக்கே மூணாவது தடவைதான் தெரிஞ்சுது."

"அவர் சொல்றதைப் பதிவு பண்ண முடியாதே," என்றார் கவுண்டர் அம்மாள் கவலையோடு. "சார்பு இருக்கே."

உள்ளிருந்து இயக்குநரும், "அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்!" என்று கத்தினார். சற்றுப் பொறுத்து, "எந்தப் பக்கம் மூடி?" என்றார்.

மூடியைக் கண்டுபிடித்துவிட்டார். பிய்த்தும்விட்டார். கம்பியில் விரலை மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியின் உட்புறம் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. வாரியத்தின் விதிப்படி அவசரம் ஒன்று நேர்ந்தால் பதினைந்து மதிப்பெண் போகும். எண்பத்திரண்டு அறுபத்தேழாகிவிடும். அன்பளிப்பு கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? விரலை எடுத்துவிட்டார். திரை பதினொரு சதவீதம் காட்டியது.

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் ஆவி படிந்தது. மெக்கானிக்குக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஆள் யாராயிருந்தாலும் மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வேலையில் பேசும் அதே குரலில் பேசினார்.

"சார், இங்க பாருங்க. கழுத்துப் பட்டனைக் கழட்டுங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கயேதான் இருக்கேன், எங்கயும் போகல."

இயக்குநர் பட்டனைக் கழற்றினார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது. "இன்னும் எவ்வளவு நேரங்க ஆகும்?"

"அதுபாட்டுக்கு விட்டா சாயங்காலம் ஆகும். நீங்க இழுத்தா உடனே."

"இழுத்தா அவசரம்னு ஆயிடுமே."

"உங்களுக்கு இப்ப அவசரமா இல்லையா?"

இயக்குநர் யோசித்தார். கண்ணாடியோடு வாயை வைத்து மெல்லச் சொன்னார். "யாரும் பாக்கலைன்னா..."

மெக்கானிக் எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க." கவுண்டர் அம்மாள் திரும்பினார். பொறுப்பாளர் திரும்பினார். பேக்கரிக்காரருக்கு மனமே வரவில்லை, ஒன்பது செவ்வாய் காத்திருந்தவர். அவரும் கடைசியில் திரும்பினார். எல்லோரும் எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டக்கென்று ஒரு சத்தம்.

இயக்குநர் வெளியே நின்றிருந்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "வண்டி உரிய நேரத்தில் தானாகத் திறந்தது," என்றார். "பதிவு செய்யுங்கள். உள்ளே இருப்பவரை வெளியே விடும் வசதி இருப்பது நேரடிச் சோதனையில் நிரூபணம். இரண்டு மதிப்பெண் கூட்டுங்கள்."

கவுண்டர் அம்மாள் அங்கேயே சான்றில் திருத்தம் போட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தார். எண்பத்துநான்கு. மை இன்னும் காயவில்லை.

மெக்கானிக் அதை வாங்கிக்கொண்டு இயக்குநரின் அருகே போனார். "சார், கோவிச்சுக்காதீங்க. என் சம்சாரத்தை வாரத்துல மூணு நாள் டயாலிசிசுக்குக் கூட்டிட்டுப் போகணும். இதுல கூட்டிட்டுப் போகலாமா? நீங்க சொன்னா வாங்கறேன்."

இயக்குநர் அவரைப் பார்த்தார். சற்றுமுன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்த முகம் அது. பார்வையைத் திருப்பிக்கொண்டு, "அது வாரியத்தோட வரம்புல வராதுங்க," என்றார். பிறகு சட்டை மாற்ற வீட்டுக்குப் போக வேண்டுமென்று தன் டிரைவரைக் கூப்பிட்டார்.

கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய எஸ்யூவி வந்து நின்றது. அதே கம்பெனியின் முந்தைய மாடல், அதுவும் மின்சாரம்தான். பக்கவாட்டில் கீறல், பின்னால் ஒரு நெளிவு. கதவுக்குக் கைப்பிடி இருந்தது. இயக்குநர் கோப்பு எடுத்துவர மேலே போன நேரத்தில் மெக்கானிக் டிரைவரிடம் போனார்.

"இதுக்கு வாரியத்துல எத்தனை மார்க்குங்க?"

"முப்பத்தொம்பது. வாங்கி ஓட்டினவங்க நிறையப் பேர் எழுதிப் போட்டாங்க. அப்பல்லாம் அந்தச் சார்பு விதி வரல."

"அப்புறம் ஏன் இதுல போறார்?"

டிரைவருக்குக் கேள்வி புரியவில்லை. "வீட்டுக்குப் போகணும்ல சார்," என்றார்.

மெக்கானிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டார். ஒரு லட்சத்து முப்பதாயிரம். என்னென்ன மாற்றினீர்கள்? சின்ன பேட்டரி ஒரு தடவை, ஏசி விசிறி, முன்சக்கரத்து ரப்பர் புஷ். எப்போதாவது நடுவழியில் நின்றதா?

"ஒரே ஒரு தடவை. அன்னிக்கு நான் சார்ஜ் போட மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் மேலே மாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அது அவருக்குத் தெரியாது."

விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பேக்கரிக்காரர் வாசல்வரை கூடவே வந்தார். "புதுசை வாங்கப் போறீங்களா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு உங்களைக் கேட்டுட்டு வாங்கறேன்."

"அதுக்குள்ள என் புகாரை எடுத்துக்குவாங்களா?"

"உங்க சர்வீஸ் சீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருங்க. நான் எடுத்துக்கறேன்."

பத்து நாளில் மெக்கானிக் முந்தைய மாடலில் ஒரு வண்டியைக் கண்டுபிடித்தார். மூன்று வருடம் பழையது. விற்றவர் ஒரு பள்ளி ஆசிரியை. வண்டியில் என்னென்ன கோளாறு என்று கேட்டதும் அவர் ஒரு நோட்டை எடுத்துத் தேதியோடு படித்துக் காட்டினார். நான்கு பக்கம் வந்தது. மெக்கானிக் நடுவில் குறுக்கிடாமல், கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் மனைவி குனியாமல் ஏறி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் பின் சீட்டின் அடியிலிருந்து கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஆசிரியையின் நோட்டில் அது இல்லை. மெக்கானிக்குக்கு முகம் வாடிவிட்டது. வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"ஒரு நிமிஷம். ஓரமா நிறுத்தி என்னன்னு பாத்துடறேன்."

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். திறக்கவில்லை.

"அதுவா நின்னா நிக்கட்டும். நீங்க நிறுத்தாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிவரைக்கும் அது கிறீச்சிட்டுக்கொண்டே ஓடியது. பாதி வழியிலேயே அவள் தூங்கிப்போனாள்.